யானையின் விலையும் தீனியும்: விமானி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, அரக்கோணம் வட்டாரத்திலிருந்து விமானி ஆவதற்குப் புறப்பட்டிருக்கும் மாணவர்களே, அவர்களுக்காக நிலப் பத்திரத்தையும் நகைப் பெட்டியையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே,

நம் திருத்தணி மலைக்கோயிலின் படிகளை ஏறி உச்சியில் நின்றால் தெற்கே அரக்கோணத்து வானம் தெரியும். கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பி-8ஐ கண்காணிப்பு விமானங்களும் பயிற்சி ஹெலிகாப்டர்களும் எழும்புவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானி ஆசை வருவதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆசைக்கு விலை சொல்லும்போதுதான் வீடு அதிர்கிறது. கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கான பயிற்சிக்கு இன்று நாற்பது லட்சத்துக்கு மேல் ஆகிறது. கையில் உரிமம் வந்த பிறகு ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்குக்கு மறுபடியும் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். இந்த நிலையில், அமெரிக்காவில் ஒரு சொகுசுக் காரின் விலைக்கே பழைய செஸ்னா 152 கிடைக்கிறது என்று தெரிய வந்தால் மனம் கணக்குப் போடத்தான் செய்யும். நாலு குடும்பம் சேர்ந்து ஒன்றை வாங்குவோம், பிள்ளைகள் வேண்டிய மட்டும் பறக்கட்டும், உரிமம் கிடைத்ததும் விற்றுவிடுவோம் என்பது அந்தக் கணக்கு. இதை அசட்டு யோசனை என்று நான் தள்ளமாட்டேன். வேறொரு நாட்டில் இது நன்றாகவே நடக்கும் காரியம். நம் நாட்டில் மாணவராக இருக்கும்போது விமானம் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. ஆனால் விமானம் வாங்குகிறவன் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்பதும் என் கருத்துதான். இரண்டும் எப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

அமெரிக்காவில் அது ஏன் நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கியது. அதைத் தொடர்ந்து அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவே பொதுவாக 1,500 மணி பறந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அங்கே கமர்ஷியல் உரிமம் 250 மணியில் கிடைத்துவிடும். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் மணியை எப்படியாவது சேர்த்தாக வேண்டும். வாடகை விமானத்தில் அத்தனை மணி பறந்தால் கட்டுப்படியாகாது. சொந்தமாக ஒரு பழைய செஸ்னா இருந்தால் செலவு பல மணிகளுக்குப் பரவி, ஒரு மணிக்கான செலவு இறங்கும். பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்கள் மட்டும் அங்கே சுமார் ஐயாயிரம். பெட்ரோல் பங்க் போல நாமே ஊற்றிக்கொள்ளும் எரிபொருள் வசதி, பக்கத்திலேயே மெக்கானிக், சொந்த விமானத்திலேயே தனிப் பயிற்றுநரை அமர்த்திக் கற்றுக்கொள்ளும் உரிமை எல்லாம் அங்கே உண்டு. சொந்த விமானக் கணக்கு அந்த மண்ணில் விளைந்தது, அங்கே அது பலன் தருகிறது.

நம் ஊர்க் கணக்கு வேறு. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி போதும். அதில் 100 மணி கமாண்டில், அதாவது விமானத்துக்குத் தானே பொறுப்பான விமானியாக, பறந்திருக்க வேண்டும். அந்த நூறுக்குள் 20 மணி ஊர்விட்டு ஊர் போகும் பறப்பாகவும், அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மொத்தத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கு 10 மணி, இரவில் 5 மணி. இவற்றை முடித்து, டைப் ரேட்டிங்கும் வாங்கியவர் பெரிய விமானத்தின் வலது இருக்கையில் அமரலாம். 1,500 மணி இங்கே ஏ.டி.பி.எல். என்னும் மேல்நிலை உரிமத்துக்குத்தான். அந்த மணிகளை நிறுவனத்தின் விமானத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கிறார்கள். ஆகவே ஒரு விமானத்தை முழுதாக வாங்கி நாம் பறக்கப்போவது ஆளுக்கு இருநூறு மணி மட்டுமே. அதையும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.-வின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தின் கீழ்தான் பறக்க வேண்டும். மாணவர் உரிமம் வைத்திருப்பவர் பயிற்றுநரின் அனுமதியும் மேற்பார்வையும் இல்லாமல் தரையை விட்டு எழும்பக் கூடாது, பயணி எவரையும் ஏற்றக் கூடாது. உங்கள் பெயரில் பதிவான விமானம் கொட்டகையில் நிற்கலாம். அதில் பறந்த மணிகள் உரிமக் கணக்கில் ஏற வேண்டுமானால் ஒரு பயிற்சி நிறுவனம் அதைத் தன் விமானமாக அனுமதிக்குள் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்த பிறகு அது யாருடைய நேரப்படி பறக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வரிச் சட்டமும் இதையே சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில், சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு வரி 40 விழுக்காடு. அதற்கு முன் 28 விழுக்காடும் மேல்வரியும் இருந்தன. சொந்த உபயோகம் அல்லாத விமானத்துக்கு 5 விழுக்காடு. அதே செஸ்னா, அதே இன்ஜின், அதே நாற்பது வயது. ஃப்ளையிங் ஸ்கூல் கொண்டுவந்தால் நூற்றுக்கு ஐந்து, நீங்கள் கொண்டுவந்தால் நூற்றுக்கு நாற்பது. விவசாயத்துக்கும் நெசவுக்கும் சலுகை கேட்டுப் பழகிய நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அரசு உங்களை மாணவராகப் பார்க்கவில்லை, உல்லாசப் படகு வாங்குகிறவர் வரிசையில் நிறுத்துகிறது. அது நியாயமா என்று தனியே வழக்காடலாம். பணம் கட்டும் நாளில் அந்த வாதம் உதவாது.

இனி விமானத்துக்கே வருவோம். நம் முருகன் சந்நிதியில் மயிலுக்குப் பதிலாக யானை நிற்பதும், அது மூலவரைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்பதும் ஊரறிந்தது. தெய்வயானையின் திருமணத்துக்குச் சீராக ஐராவதத்தை இந்திரன் கொடுத்தான், யானை போனதும் அவன் உலகின் செல்வம் தேயத் தொடங்கியது, அதனால் அதன் பார்வையாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான் என்பது தலபுராணம். கொடுத்த இந்திரன் கதை அது. வாங்குகிறவன் கதையைத்தான் நாம் ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்று ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறோம். பழைய விமானத்தின் விலை யானையின் விலை. தீனி அதற்குப் பிறகு.

தீனிக் கணக்கைப் போட, அந்த விமானத்தின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். செஸ்னா 152 வகை 1977-இல் தொடங்கி 1985-இல் நின்றது, மறுபடி தயாராகவே இல்லை. அதன் அண்ணன் 172-இன் தயாரிப்பும் 1986-இல் நின்றது. எத்தனை ஆண்டு பழைய விமானம் விழுந்தாலும் தயாரித்தவன் மீது வழக்குப் போடலாம் என்ற நிலையும், காப்பீட்டுச் சுமையும் சிறு விமானத் தொழிலை அமெரிக்காவில் நசுக்கியிருந்தன. 1994-இல் அந்தப் பொறுப்புக்குப் பதினெட்டு ஆண்டு வரம்பு வைத்துச் சட்டம் வந்த பிறகுதான் 172 திரும்பியது. இதன் விளைவு இன்றைய சந்தையில் தெரிகிறது. மலிவு விலைக்கு வரும் செஸ்னா நாற்பது வயதைத் தாண்டியது. அடுத்த தலைமுறை விமானத்துக்குப் போனால் விலை சட்டென்று எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். நடுவயதுச் சரக்கு என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. புது 172 ஒன்றின் விலை நான்கு லட்சம் டாலருக்கு மேல்.

நாற்பது வயது விமானத்தில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின். 152-இல் இருக்கும் லைகமிங் ஓ-235 இன்ஜினை 2,400 மணி ஓடியதும் முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்பது தயாரிப்பாளர் வைத்த கணக்கு. மணி முடியாவிட்டாலும் பன்னிரண்டு ஆண்டு ஒரு வரம்பு. ஏற்கெனவே 1,700 மணி ஓடிய இன்ஜின் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 700. நாலு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 என்றால் 800. நாலாவது பிள்ளைக்கு நூறு மணி பாக்கி இருக்கும்போதே இன்ஜின் தவணை முடிந்துவிடும். அந்த ஓவர்ஹால் செலவு யாருடையது என்று கேட்கும் நாளில் நாலு குடும்பத்து நட்பும் பரீட்சைக்கு வரும். ‘குறைவாகத்தான் ஓடியிருக்கிறது, வருஷத்துக்கு நாலு மணிதான் பறந்தது’ என்று புரோக்கர் சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள், அதுதான் அபாயமான வார்த்தை. லைகமிங் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மேல்புறம் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும், மேலே ஈரம் ஏறித் துரு பிடிக்கும். கடற்கரைக் காற்று அடிக்கும் சென்னைப் பக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த விசைத்தறியை மறுபடி ஓட்டிப் பார்த்தவர்கள் அம்மையார்குப்பத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓடாத இயந்திரம் புதிதாக இருக்கும் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

எரிபொருள் அடுத்தது. 152 மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும். இருநூறு மணிக்கு நாலாயிரம் லிட்டரைத் தாண்டும். அதுவும் ரோட்டோரப் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் அல்ல, ஏவ்காஸ் 100 எல்.எல். என்ற தனி எரிபொருள். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரிக்கத் தொடங்கும் வரை நாடு முழுவதும் இறக்குமதியை நம்பியிருந்தது. இவையெல்லாம் பறந்தால் ஆகும் செலவு. பறக்காமலே ஆகும் செலவுகளைப் பலரும் எண்ணுவதில்லை. லாரிக்கு எஃப்.சி. எடுப்பதுபோல் விமானத்துக்கு ஆண்டுதோறும் ஏ.ஆர்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதை அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு அமைப்பு பார்க்க வேண்டும், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். காப்பீடும் கொட்டகை வாடகையும் விமானம் தரையில் தூங்கினாலும் நிற்காது. கொட்டகை எங்கே என்பது இன்னொரு கேள்வி. நமக்கு மிக அருகில் இருக்கும் பெரிய ஓடுதளம் ராஜாளியினுடையது. அது கடற்படைத் தளம், அந்த வானமும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சுமார் அறுபது கிலோமீட்டரில் ரேணிகுண்டா. அது பயணிகள் விமானம் வந்துபோகும் திருப்பதி விமான நிலையம். மீனம்பாக்கத்தின் நெரிசல் சொல்ல வேண்டியதில்லை. சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. அது பிற்காலத்தில் கார் பந்தயத்துக்குப் பெயர் வாங்கியது, விமானத்துக்கு அல்ல.

இத்தனைக்கும் பதிலாக நீங்கள் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ‘பணத்தைக் கட்டிவிட்டு ஸ்கூலில் விமானத்துக்காகக் காத்துக் கிடப்பதைவிடச் சொந்த விமானம் மேல் இல்லையா? பதினெட்டு மாதத்தில் முடியும் என்று சொன்ன பயிற்சி மூன்று வருஷம் இழுக்கிறதே, அந்த வாடகையும் சாப்பாடும் கணக்கில் வராதா?’ இது உண்மையான மனக்குறை. விமானம் ஒன்று, மாணவர் பலர், அதிலும் பாதி நாள் விமானம் பழுது என்பது பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் தாமதத்துக்கு விமானம் மட்டுமே காரணம் இல்லை. பயிற்றுநர் பற்றாக்குறை, வடகிழக்குப் பருவமழை, கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் நேரம், தேர்வு நாள் எல்லாம் சேர்ந்துதான் இழுக்கின்றன. சொந்த விமானம் இவற்றில் ஒன்றையும் தீர்க்காது. பழுது என்ற ஒன்றில் நிலைமை இன்னும் மோசமாகும். ஆறு விமானம் உள்ள இடத்தில் ஒன்று பழுதானால் ஐந்து மிச்சம். உங்களிடம் இருப்பதே ஒன்று. ஒரு மாக்னெட்டோவோ ஒரு சிலிண்டரோ வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரை நாலு பிள்ளைகளும் தரையில்தான். 1920-களின் கடைசியில் இந்தியாவில் ஃப்ளையிங் கிளப்புகள் அரசு மானியத்தோடு தோன்றியதும், 1930-இல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் பிறந்ததும் இந்தக் காரணத்தால்தான் அர்த்தம் பெறுகின்றன. 1929-இல் இந்நாட்டின் முதல் உரிமத்தை வாங்கிய ஜே.ஆர்.டி. டாடா போன்றவர்களுக்கு விமானம் வைத்துக்கொள்ள வசதி இருந்தது. மற்றவர்களுக்குக் கிளப்தான் விமானம்.

‘எங்கள் பிள்ளைகள் பறக்காத நேரத்தில் மற்ற மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாமே’ என்பார்கள் சிலர். தனியார் பிரிவில் பதிவான விமானத்தைக் கூலிக்கோ வாடகைக்கோ விட இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. சொந்த போர்டு காரை டாக்ஸியாக ஓட்டுவது போன்ற குற்றம் அது. பிடிபட்டால் போவது அபராதத்தோடு நிற்காது, பிள்ளையின் உரிமக் கனவும் சேர்ந்து போகும். ‘பழைய செஸ்னா விலை இறங்காது, வாங்கின விலைக்கே விற்கலாம்’ என்பது பாதி உண்மை. தயாரிப்பு நின்ற விமானம் என்பதால் அமெரிக்காவில் அதன் விலை தாக்குப்பிடிக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. இங்கே வாங்குகிற ஆள் பெரும்பாலும் இன்னொரு ஃப்ளையிங் ஸ்கூல்தான். நீங்கள் 40 விழுக்காடு வரி கட்டி இறக்கியதை, 5 விழுக்காட்டில் நேரடியாக இறக்கக்கூடியவர் என்ன விலைக்குக் கேட்பார்?

விமானம் வாங்காதீர்கள் என்று இவ்வளவு சொன்ன பிறகும், நீங்கள் ஏற்கெனவே ஒரு பழைய விமானத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஃப்ளையிங் ஸ்கூலுக்குக் கட்டும் நாற்பது லட்சம் அந்தக் கொட்டகையில் நிற்கும் விமானங்களின் இருநூறு மணிக்கான விலை. முழு விமானத்தை வாங்குகிறவன் அதன் ஓட்டத்தையும் பராமரிப்பையும் பதிந்துள்ள லாக் புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான். இருநூறு மணியை வாங்குகிற நாமோ வரவேற்பறைப் படங்களைப் பார்த்துவிட்டுக் காசோலை எழுதுகிறோம். கோவிலுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தாலும் பழுப்பா வெள்ளையா என்று கையில் அள்ளிப் பார்க்கும் நாம், இங்கே மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம் என்பது எனக்கு விளங்காத புதிர்.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்பதற்கு ஒரு கசப்பான சான்று இருக்கிறது. 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில், பெயர்பெற்ற எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் பைப்பர் ஆரோ பயிற்சி விமானம் ஒன்றின் இடது இறக்கை பறந்துகொண்டிருக்கும்போதே பிரிந்தது. கமர்ஷியல் உரிமத்துக்கான தேர்வில் இருந்த மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். விமானம் 2007-இல் செய்தது, வயது பதினொன்றுதான். ஆனால் ஏழாயிரத்து அறுநூறு மணிக்கு மேல் பறந்து, பல்லாயிரம் முறை இறங்கி ஏறியிருந்தது. இறக்கையைத் தாங்கும் முதன்மைத் தண்டில் களைப்பு விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்திருந்தது. அதன் பிறகே அந்த வகை விமானங்களின் தண்டுகளைச் சுழல்மின்னோட்டச் சோதனையால் ஆராய வேண்டும் என்ற கட்டாய உத்தரவு வந்தது. பயிற்சி விமானத்தின் வயதைப் பிறந்த ஆண்டு சொல்லாது. மாணவர்கள் தட்டித் தட்டி இறக்கிய இறக்கங்கள்தான் சொல்லும். இதைக் கேட்டுப் பயந்து பின்வாங்கச் சொல்லவில்லை. சிறு விமானப் பயிற்சி உலகெங்கும் நாள்தோறும் பத்திரமாக நடக்கிறது. பத்திரமாக நடப்பது யாரோ ஒருவர் அந்த விரிசலைத் தேடிக்கொண்டே இருப்பதால்தான்.

டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் முதன்முறையாக ஃப்ளையிங் ஸ்கூல்களுக்குத் தரவரிசை வெளியிட்டது. மேலே உள்ள ஏ++, ஏ+ என்ற இரண்டு படிகளிலும் அந்த முதல் பட்டியலில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும் என்பது ஏற்பாடு. சேரும் முன் அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பள்ளி தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் எண்ணிக்கையில் எத்தனை விமானம் இன்று காலை பறந்தது, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர், ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓவர்ஹாலுக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி, பராமரிப்பு சொந்த ஹேங்கரிலா வெளியிலா, கடந்த ஆண்டு ஒரு மாணவர் சராசரியாக மாதத்துக்கு எத்தனை மணி பறந்தார் என்று கேளுங்கள். நாலு விமானத்தில் மூன்றின் இன்ஜின் இந்த ஆண்டே தவணை முடியப்போகிறது என்றால், உங்கள் பிள்ளையின் பதினெட்டு மாதம் எப்படி முப்பதாகும் என்பது அன்றே தெரிந்துவிடும். நல்ல பள்ளி இந்தக் கேள்விகளை வரவேற்கும். முகம் சுளிக்கும் பள்ளி பதில் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழிலில் நிமிர்ந்து, தனியார் விமானி உரிமம் வாங்கி, ஆசைக்காகவே ஒரு விமானம் வைத்துக்கொள்ள நினைக்கும் டாக்டரோ மில் முதலாளியோ இந்த வட்டாரத்தில் இருந்தால் அவருக்கு இந்த மடல் குறுக்கே நிற்கவில்லை. அவர் வாங்கட்டும். லாக் புக் ஒரு பக்கம் குறைந்தாலும் விலையைக் குறைக்கட்டும் அல்லது எழுந்து வரட்டும். விற்கிறவரோடு சம்பந்தம் இல்லாத பொறியாளரை வைத்து சிலிண்டர் அழுத்தம் பார்த்து, எண்ணெய் ஃபில்டரை அறுத்து உலோகத் தூள் இருக்கிறதா என்று தேடி, இறக்கை வேரில் துருவைச் சோதித்த பிறகே முன்பணம் கொடுக்கட்டும். தன் காசு, தன் ஆசை, தன் நேரம். மாணவனுடைய காசு பெரும்பாலும் தன் காசு அல்ல, வங்கிக் கடனாகவோ அப்பாவின் நிலமாகவோ இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் தவணை கட்டும் முன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளியின் ஹேங்கருக்கே போங்கள். வரவேற்பறையில் உட்காராதீர்கள். காலை ஆறு மணிக்குப் போய் எத்தனை விமானம் வெளியே தள்ளப்படுகிறது என்று எண்ணுங்கள். மேலே சொன்ன கேள்விகளை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துக்காரன்
திருத்தணி